எழுப்புதலும் அன்றாட வாழ்வும்: வெஸ்லியின் வகுப்புக் கூட்டங்கள் காட்டும் வழி

எழுப்புதல் என்று கிறிஸ்தவ சபைகள் சொல்வதில் இரண்டு காரியங்கள் அடங்கியுள்ளன. ஒன்று, மனிதன் தேவனோடு புதிய உறவுக்குள் வருவது. மற்றொன்று, அந்த உறவால் அவனுடைய வாழ்க்கை மாறுவது. முதலாவது ஓர் ஆராதனையில், ஒரு ஜெபத்தில், ஒரு மாலைப் பொழுதில்கூட நடந்துவிடலாம். இரண்டாவது வீட்டிலும் கடையிலும் வயலிலும் அலுவலகத்திலும் வருடக்கணக்கில் நடக்க வேண்டியது. இரண்டையும் வேதாகமம் பிரிப்பதில்லை. லூக்கா நற்செய்தியில் சகேயு மனந்திரும்பிய நாளிலேயே அவன் பேச்சு பணக்கணக்குக்குத் திரும்பிவிடுகிறது: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நான்கு மடங்கு. ரோமருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் பதினொரு அதிகாரங்கள் கிருபையை விளக்கிவிட்டு, பன்னிரண்டாம் அதிகாரத்தில் மனம் புதிதாவதைப் பற்றிப் பேசத் தொடங்கி, விருந்தோம்பல், வரி செலுத்துதல், கடன் பாக்கி வைக்காதிருத்தல் என்று அன்றாடக் காரியங்களுக்கு இறங்கி வருகிறார்.

ஆனாலும் சபை வரலாற்றில் இந்த இரண்டும் அடிக்கடி பிரிந்துபோயிருக்கின்றன. பெருங்கூட்டங்களில் கண்ணீர் விட்டவர்கள் சில மாதங்களில் பழைய வழிக்குத் திரும்பியதுண்டு. ஒழுக்க விதிகளைப் பிசகாமல் கடைப்பிடித்தவர்கள் உள்ளத்தில் உலர்ந்துபோனதும் உண்டு. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி (1703–1791) நடத்திய மெதடிஸ்டு இயக்கம் இந்தச் சிக்கலை நேருக்கு நேர் சந்தித்தது. எழுப்புதல் பெற்ற மனிதனின் வாரநாட்களுக்கு ஓர் ஒழுங்கும், அந்த ஒழுங்கில் அவனோடு நடக்கச் சில துணைவர்களும் வேண்டும் என்பதே அது கண்ட விடை. அந்த விடை உருவான விதமும், வேலைசெய்த விதமும், தளர்ந்த விதமும் இங்கே முறையாக எடுத்துரைக்கப்படுகின்றன.

தரங்கம்பாடியிலிருந்து எப்வொர்த்துக்கு

வெஸ்லிக்கு முன்பே ஜெர்மனியில் இதற்கான விதை விதைக்கப்பட்டிருந்தது. 1618 முதல் 1648 வரை நடந்த முப்பது ஆண்டுப் போர் அந்த நாட்டைச் சீரழித்துவிட்டிருந்தது. லுத்தரன் சபைகளில் உபதேசச் சண்டைகள் மிகுந்து, பக்தி வாழ்வு மெலிந்திருந்தது. பிராங்பர்ட் நகரின் தலைமைப் போதகர் பிலிப் யாக்கோப் ஸ்பேனர் 1670இல் தம் வீட்டில் வேதவாசிப்புக்கும் ஜெபத்துக்கும் சிறு கூட்டங்களைத் தொடங்கினார். 1675இல் அவர் வெளியிட்ட ‘பியா டெசிடேரியா’ ஆறு ஆலோசனைகளை முன்வைத்தது. வேதத்தைப் பரவலாக வாசிப்பது, எல்லா விசுவாசிகளுக்கும் உள்ள ஆசாரியத்துவத்தை நடைமுறையாக்குவது, அறிவோடு நின்றுவிடாமல் அன்பின் செயலில் இறங்குவது ஆகியவை அவற்றுள் முதல் மூன்று. இந்த இயக்கத்துக்கே பக்தி இயக்கம் என்று பெயர் நிலைத்தது.

ஸ்பேனரின் வழிவந்த ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே, ஹாலே நகரை ஒட்டிய கிளாவ்ஹா என்ற ஏழைப் பகுதியின் போதகர். 1695இல் அவர் வீட்டுக் காணிக்கைப் பெட்டியில் ஒருவர் நான்கு தாலரும் பதினாறு குரோஷனும் போட்டிருந்தார். அந்தப் பணத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளியைத் தொடங்கினார் பிராங்கே. 1698இல் அநாதை இல்லத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1727இல் அவர் இறக்கும்போது அந்த வளாகத்துப் பள்ளிகளில் 2,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் படித்தார்கள். அச்சகமும் புத்தகக்கடையும் மருந்தகமும் இயங்கின. ஏழைப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு அங்கே இலவசச் சாப்பாடு கிடைத்தது. அதற்கு ஈடாக அவர்கள் அந்தப் பள்ளிகளில் பாடம் நடத்தினார்கள்.

ஹாலேயின் இந்தச் சூழலில் உருவானவர்களே பர்த்தலோமேயு சீகன்பால்கும் ஹென்றி புளுட்சோவும். டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்ப, 1706 ஜூலை 9 அன்று அவர்கள் தரங்கம்பாடியில் வந்திறங்கினார்கள். அங்கிருந்து அவர்கள் எழுதிய கடிதங்கள் ஜெர்மனியில் அச்சாகி, 1709இல் லண்டனில் ஆங்கிலத்திலும் வெளிவந்தன.

அந்தக் கடிதங்களின் பிரதி ஒன்று லிங்கன்ஷயர் மாவட்டத்தில் எப்வொர்த் என்ற சிற்றூரின் குருமனையை எட்டியது. அங்கே குருவாக இருந்தவர் ஜானின் தந்தை சாமுவேல் வெஸ்லி. அவர் சபை அலுவலாக லண்டன் சென்றிருந்த குளிர்காலத்தில், மூத்த மகள் எமிலியா அந்த நூலைத் தந்தையின் அறையில் கண்டெடுத்தாள். அதை வாசிக்கக் கேட்ட தாய் சூசன்னா மிகவும் நெகிழ்ந்தார். 1712 பிப்ரவரியில் கணவருக்கு எழுதிய கடிதத்தில் அவர் இதை விவரிக்கிறார்: தாம் ஆணும் இல்லை, குருவும் இல்லை, ஆனாலும் இன்னும் அதிகமாக ஏதாவது செய்யலாமே என்று எண்ணி, முதலில் தம் பிள்ளைகளிடம் தொடங்க முடிவுசெய்தார். ஒவ்வொரு பிள்ளையோடும் தனித்துப் பேச வாரத்தில் ஒரு மாலை ஒதுக்கப்பட்டது. எட்டு வயது ஜானுக்குக் கிடைத்தது வியாழக்கிழமை. ஞாயிறு மாலை குடும்ப ஜெபத்துக்கு வேலையாட்களும் அண்டை வீட்டாரும் வரத் தொடங்கி, கடைசியில் இருநூறு பேருக்கு மேல் கூடினார்கள்.

ஒவ்வோர் ஆத்துமாவையும் தனித்தனியே, தவறாமல், வாரம் ஒருமுறை விசாரிக்கும் வழக்கத்தை ஜான் வெஸ்லி முதன்முதலில் அனுபவித்தது இப்படித்தான். தமிழ் மண்ணில் நடந்த ஊழியத்தின் செய்திதான் ஆங்கிலேயத் தாய் ஒருவரை அந்த வழக்கத்துக்குத் தூண்டியது.

ஆல்டர்ஸ்கேட்டும் பிரிஸ்டலும்

ஆக்ஸ்போர்டில் 1729 முதல் ஜான் வெஸ்லியும் அவர் தம்பி சார்லஸும் நண்பர்கள் சிலரும் ஒழுங்காகக் கூடி வேதம் வாசித்தார்கள், உபவாசித்தார்கள், சிறைவாசிகளைச் சந்தித்தார்கள். அவர்களின் கட்டொழுங்கைக் கேலிசெய்தவர்கள் வைத்த பட்டப்பெயரே ‘மெதடிஸ்டு’. ஒழுங்கு இருந்தது, சமாதானம் இல்லை. 1735இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்குப் புறப்பட்ட வெஸ்லி, கப்பலில் புயல் அடித்தபோது மொரேவியர்கள் என்ற ஜெர்மானிய விசுவாசிகள் பயமின்றிப் பாடிக்கொண்டிருந்ததைக் கண்டு தம் நிலையை உணர்ந்தார். ஊர் திரும்பிய பின் 1738 மே 24 மாலை, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லுத்தர் எழுதிய முன்னுரை வாசிக்கப்பட்டபோது, கிறிஸ்து தம் பாவங்களை நீக்கினார் என்ற நிச்சயம் அவருக்கு உண்டாயிற்று. அந்தக் கோடையிலேயே அவர் ஜெர்மனிக்குச் சென்று, மொரேவியர்களின் ஹெர்ன்ஹூட்டையும் பிராங்கே நிறுவிய ஹாலே இல்லத்தையும் நேரில் பார்த்தார்.

அடுத்த ஆண்டு ஜார்ஜ் ஒயிட்பீல்டு அழைத்ததால் பிரிஸ்டல் சென்ற வெஸ்லி, 1739 ஏப்ரல் 2 அன்று முதன்முறையாகத் திறந்தவெளியில் பிரசங்கித்தார். சுமார் 3,000 பேர் கேட்டார்கள். அருகிலுள்ள கிங்ஸ்வுட்டின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் இந்தப் பிரசங்கங்களால் பெரிதும் தொடப்பட்டார்கள். ஒயிட்பீல்டின் பேச்சுத்திறன் வெஸ்லியைவிடப் பெரிது. ஆனால் கேட்டவர்களைச் சங்கங்களாகச் சேர்த்துக் கட்டும் பணியில் வெஸ்லியே முந்தினார். 1763இல் வேல்ஸின் பெம்ப்ரோக்ஷயர் பகுதிக்குச் சென்றபோது தம் நாட்குறிப்பில் அவர் இதை வெளிப்படையாக எழுதினார். அங்கே இருபது ஆண்டுகளாகப் பிரசங்கம் நடந்திருந்தது. சங்கங்களும் ஒழுங்கும் ஐக்கியமும் ஏற்படுத்தப்படவில்லை. அதனால், விழித்தெழுந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் முன்னிலும் ஆழ்ந்த உறக்கத்தில் கிடப்பதாக அவர் கண்டார். பிரசங்கித்துவிட்டு மக்களை அப்படியே விட்டுப் போவது, பெற்ற பிள்ளைகளைக் கொலைகாரனிடம் ஒப்படைப்பதற்குச் சமம் என்பது அவர் முடிவு.

ஒரு பென்னியும் பன்னிரண்டு பேரும்

இயக்கத்தின் உயிர்நாடியான வகுப்புக் கூட்டம் பிறந்தது கடன் அடைப்பதைப் பற்றிய பேச்சில். பிரிஸ்டலில் கட்டப்பட்ட ‘நியூ ரூம்’ ஆலயத்துக்குக் கடன் இருந்தது. 1742 பிப்ரவரி 15 அன்று சங்கத்தார் கூடி, அதை எப்படி அடைப்பது என்று ஆலோசித்தார்கள். ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்றார் ஒருவர். பலருக்கு அதுவும் முடியாதே என்ற மறுப்பு எழுந்தது. அப்போது கேப்டன் ஃபோய் என்ற கப்பல்தலைவர், மிகவும் ஏழைகளான பதினொரு பேரைத் தம் பொறுப்பில் விடும்படி கேட்டார். அவர்களை வாரந்தோறும் சந்தித்துக் காசை வாங்குவதாகவும், கொடுக்க முடியாதவர்களுக்காகத் தாமே போட்டுவிடுவதாகவும் சொன்னார். மற்றவர்களும் அவ்வாறே ஒத்துக்கொண்டார்கள்.

காசு வாங்க வீடு வீடாகச் சென்றவர்கள், கூட்டத்தில் தெரியாதவற்றை வீட்டில் கண்டார்கள். ஒரு வீட்டில் கணவன் குடித்துக் கிடந்தான். இன்னொரு வீட்டில் சண்டை. இதைக் கேள்விப்பட்ட வெஸ்லி, தாம் வெகுநாளாகத் தேடியது கிடைத்துவிட்டதை உடனே உணர்ந்தார். ஒவ்வொரு சங்கமும் சுமார் பன்னிரண்டு பேர் கொண்ட வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டு, வகுப்புக்கு ஒரு தலைவர் நியமிக்கப்பட்டார். தம் வகுப்பினர் ஒவ்வொருவரையும் வாரம் ஒருமுறையாவது கண்டு ஆத்தும நலம் விசாரிப்பதும், புத்தி சொல்வதும், ஆறுதல் கூறுவதும், ஏழைகளுக்காக அவர்கள் தருவதைப் பெறுவதும், நோயுற்றவர்களைப் பற்றி ஊழியருக்குத் தெரிவிப்பதும் அவர் கடமை.

முதலில் தலைவர் வீட்டுக்கு வீடு போனார். அதில் இருந்த இடர்களை வெஸ்லியே விவரித்திருக்கிறார். உழைத்துப் பிழைக்கும் தலைவர்களுக்கு அத்தனை வீடு ஏற நேரம் போதவில்லை. வீட்டுவேலை செய்பவர்கள் பலர் எசமானர் வீட்டிலேயே தங்கியிருந்ததால், அங்கே போய்ப் பார்க்க அனுமதி கிடைக்கவில்லை. கிடைத்தாலும் மற்றவர் முன்னிலையில் மனம்விட்டுப் பேச முடியவில்லை. ஒருவர்மேல் ஒருவர் மனக்கசப்பு கொண்டால் தனித்தனிச் சந்திப்பில் அது தீராது. நேருக்கு நேர் பேசினால்தான் தீரும். ஆகவே வகுப்பினர் அனைவரும் வாரம் ஒருமுறை ஓரிடத்தில் கூடும் வழக்கம் ஏற்பட்டது. அந்த வாரம் எப்படிப் போனது, எங்கே இடறினார்கள், எங்கே கிருபை தாங்கியது என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள். ஜெபத்தோடும் பாட்டோடும் கூட்டம் முடியும்.

இந்த அமைப்பால் விளைந்த நன்மைகள் பல. பட்டம் பெறாத, அபிஷேகம் பெறாத சாதாரண மனிதர்கள் பிறர் ஆத்துமாவுக்குப் பொறுப்பேற்றார்கள். நெசவாளியும் தையற்காரரும் சுரங்கத் தொழிலாளியும் பேசவும் ஜெபிக்கவும் கணக்கு வைக்கவும் பழகினார்கள். பெண்கள் பலர் வகுப்புத் தலைவர்களானார்கள். 1761இல் டெர்பி நகரில் சாரா கிராஸ்பி என்ற பெண்மணி, முப்பது பேர் வருவார்கள் என்று எதிர்பார்த்துச் சென்ற வகுப்புக் கூட்டத்தில் ஏறக்குறைய இருநூறு பேர் கூடியிருந்தார்கள். ஒவ்வொருவராக விசாரிக்க முடியாததால் எல்லோருக்கும் பொதுவாகப் புத்திமதி கூறினார். அவர் வரம்பு மீறவில்லை என்று வெஸ்லி பதில் எழுதினார். மெதடிஸ்டுப் பெண்கள் பிரசங்கிக்கும் வழி அங்கே திறந்தது.

கடையிலும் தெருவிலும் ஒழுங்கு

1743இல் வெஸ்லி வெளியிட்ட ‘பொது விதிகள்’ மூன்றே பகுதி கொண்டவை: தீமை செய்யாதிருத்தல், இயன்ற நன்மையெல்லாம் செய்தல், தேவன் ஏற்படுத்திய கிருபையின் ஏதுக்களைக் கைக்கொள்ளுதல். சங்கத்தில் சேர ஒரே நிபந்தனை, பாவத்திலிருந்து இரட்சிக்கப்பட வேண்டும் என்ற வாஞ்சை. அந்த வாஞ்சை உண்மையானால் இந்த மூன்றிலும் கனி தெரியும் என்பதே விதிகளின் அடிப்படை.

முதல் பகுதியின் விவரங்கள் சந்தைக்கும் சமையலறைக்கும் நேரே வருகின்றன. மதுபானம் விற்பதும் காரணமின்றிக் குடிப்பதும் கூடாது. சுங்கம் செலுத்தாத சரக்கை வாங்கவும் விற்கவும் கூடாது. அநியாய வட்டி கூடாது. சண்டை, வழக்கு, புறங்கூறல் கூடாது. பொன்னும் விலையுயர்ந்த உடையும் அணியக் கூடாது. திருப்பிக் கொடுக்க வழி தெரியாமல் கடன் வாங்கக் கூடாது. வாங்கும்போதும் விற்கும்போதும் வீண் பேச்சை வளர்க்கவும் கூடாது. பேரம் பேசும் இடத்தில்தான் பொய் எளிதாக நுழைகிறது என்பதை அறிந்து எழுதப்பட்ட விதி அது.

இவை ஏட்டோடு நிற்கவில்லை. 1743 மார்ச்சில் நியூகாசில் சங்கத்தை ஆராய்ந்து 64 பேரை நீக்கிய வெஸ்லி, அதற்கான காரணங்களை நாட்குறிப்பில் பட்டியலிட்டார். குடிவெறிக்காக 17 பேர், மது விற்றதற்காக 2 பேர், சாபமிட்டதற்காக 2 பேர், ஓய்வுநாளை மீறியதற்காக 2 பேர், சண்டைக்காக 3 பேர், வேண்டுமென்றே பொய் சொல்லி வந்ததற்காக 3 பேர், அவதூறு பேசியதற்காக 4 பேர், மனைவியை அடித்ததற்காக ஒருவர், சோம்பலுக்காக ஒருவர், அசட்டைக்காகவும் விளையாட்டுப் புத்திக்காகவும் 29 பேர். இந்தப் பட்டியலில் உபதேசக் குற்றம் ஒன்றுகூட இல்லை. மனைவியை அடிப்பது கணவனின் உரிமை என்று பலர் எண்ணிய காலத்தில், அது சங்கத்திலிருந்து நீக்கத் தகுந்த குற்றமாக இங்கே எண்ணப்பட்டது.

கார்ன்வால் கடற்கரையில் கள்ளக்கடத்தல் ஊரறிந்த தொழில். யாரும் அதைப் பாவமாக நினைக்கவில்லை. 1753இல் செயின்ட் ஐவ்ஸ் சங்கத்தினர் ஏறக்குறைய அனைவருமே சுங்கம் கட்டாத சரக்கை வாங்குவதையோ விற்பதையோ அறிந்த வெஸ்லி, அதை விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் இனி என் முகத்தைப் பார்க்க மாட்டீர்கள் என்று கண்டிப்பாகச் சொன்னார். விட்டுவிடுவதாக எல்லோரும் வாக்களித்தார்கள். 1774 தேர்தலின்போது, வாக்குரிமை உள்ள சங்கத்தினருக்கு அவர் மூன்று ஆலோசனைகள் கூறினார்: பணமோ பரிசோ வாங்காமல் தகுதியானவர் என்று கருதுபவருக்கு வாக்களிக்க வேண்டும், எதிர்த்து நிற்பவரைப் பற்றித் தீதாகப் பேசக் கூடாது, மாற்றி வாக்களித்தவர்கள்மேல் மனக்கசப்பு கொள்ளக் கூடாது. வாக்குக்குப் பணம் புழங்கும் எந்த நாட்டிலும் இந்த மூன்றும் இன்றும் பொருந்தும்.

பணமும் இரக்கமும்

பணத்தைப் பற்றி வெஸ்லி அளவுக்கு விரிவாகப் போதித்த எழுப்புதல் பிரசங்கியார் அரிது. ‘பணத்தைப் பயன்படுத்தும் முறை’ என்ற அவருடைய பிரசங்கம் ஈட்டுதல், சேமித்தல், கொடுத்தல் என்ற மூன்று படிகளை வகுக்கிறது. ஈட்டுவதில் தன் உடலுக்கோ மனதுக்கோ கேடு வரக் கூடாது. அயலானுக்கும் கேடு வரக் கூடாது. அண்டைக் கடைக்காரனைக் கெடுப்பதற்காகச் சந்தை விலைக்குக் கீழே விற்பதும், அவன் வேலையாளை ஆசைகாட்டி இழுப்பதும் இதனால் தவறாகின்றன. சேமிப்பது என்றால் நாவின் ருசிக்கும் பிறர் மெச்சுவதற்கும் செலவழிக்காதிருப்பது. இந்த இரண்டும் மூன்றாவதற்காகவே. கொடுக்காமல் நிறுத்தினால் ஈட்டியதும் சேமித்ததும் ஆத்துமாவுக்குக் கண்ணியாகிவிடும்.

கொடுத்தது எங்கே போனது என்பதற்கும் சான்றுகள் உண்டு. லண்டனில் நோயாளிகளைச் சந்திக்க நகரம் 23 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, பகுதிக்கு இருவராக 46 பேர் நியமிக்கப்பட்டார்கள். ஒவ்வொரு நோயாளியையும் வாரம் மூன்று முறை பார்க்க வேண்டும். சாந்தமாகவும் பொறுமையாகவும் இருக்க வேண்டும். செய்வதில் துப்புரவு வேண்டும், அருவருப்புக் காட்டக் கூடாது என்பவை அவர்களுக்கான விதிகள். 1746இல் ஏழைகளுக்கு மருந்து கொடுக்கும் ஏற்பாடும், வட்டியில்லாக் கடன் நிதியும் தொடங்கப்பட்டன. ஒருவருக்கு 20 ஷில்லிங் வரை கடன்; மூன்று மாதத்துக்குள் திருப்ப வேண்டும். பின்னர் இந்த நிதியில் ஐந்து பவுண்டு பெற்றுப் புத்தகக்கடையை வளர்த்த ஜேம்ஸ் லாக்கிங்டன் என்ற செருப்புத் தொழிலாளி, லண்டனின் மிகப் பெரிய புத்தக வணிகர்களில் ஒருவரானார்.

இரக்கம் நாட்டின் எல்லையைத் தாண்டியதற்கு 1759 அக்டோபர் நிகழ்ச்சி எடுத்துக்காட்டு. பிரான்சோடு இங்கிலாந்து போரிட்டுக்கொண்டிருந்த காலம். பிரிஸ்டலை அடுத்த நோல் என்ற இடத்தில் 1,100க்கும் மேற்பட்ட பிரெஞ்சுக் கைதிகள் அடைக்கப்பட்டிருந்தார்கள். படுக்கக் கொஞ்சம் அழுக்கு வைக்கோல், போர்த்தக் கந்தல், அவ்வளவுதான். அவர்களைப் பார்த்துவிட்டு வந்த வெஸ்லி, அன்று மாலையே அந்நியனை ஒடுக்கக் கூடாது என்று கட்டளையிடும் யாத்திராகமம் 23:9 வசனத்தின்மேல் பிரசங்கித்தார். அங்கேயே 18 பவுண்டு சேர்ந்தது. மறுநாள் 24 ஆனது. அதில் துணி வாங்கிச் சட்டைகளும் கால்சட்டைகளும் தைத்து, காலுறைகளும் சேர்த்து, தேவை மிகுந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். 1774இல் அடிமை வாணிபத்தைக் கண்டித்து நூல் எழுதிய வெஸ்லி, 1791 பிப்ரவரி 24 அன்று, இறப்பதற்கு ஆறு நாள் முன்பு, அதை ஒழிக்கப் போராடிய வில்பர்போர்ஸை ஊக்கப்படுத்திக் கடிதம் எழுதினார்.

நாளும் வாரமும் ஆண்டும்

செயலுக்கு ஊற்று ஜெபமே என்பதில் மெதடிஸ்டுகளுக்கு ஐயம் இருந்ததில்லை. பொது விதிகளின் மூன்றாம் பகுதி பொது ஆராதனை, வசன ஊழியம், திருவிருந்து, குடும்ப ஜெபம், தனி ஜெபம், வேத ஆராய்ச்சி, உபவாசம் ஆகியவற்றைக் கிருபையின் ஏதுக்களாக எண்ணுகிறது. அவற்றுக்கான நேரம் உழைப்பாளிகளின் வசதிக்கேற்ப அமைக்கப்பட்டது. காலை ஐந்து மணிப் பிரசங்கம் வேலைக்குப் புறப்படுபவர்களுக்காக. வகுப்புக் கூட்டம் வாரம் ஒருமுறை. வகுப்புச் சீட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டது. அப்போது ஒவ்வொருவரின் நடையும் விசாரிக்கப்பட்டது.

கிங்ஸ்வுட் சுரங்கத் தொழிலாளர்கள் முன்பெல்லாம் வாரக் கடைசி இரவை மதுக்கடையில் கழித்தவர்கள். எழுப்புதலுக்குப் பின் அவர்களில் சிலர் பள்ளிக்கூடத்தில் கூடி இரவு வெகுநேரம் ஜெபத்திலும் துதியிலும் கழித்தார்கள். அதை நிறுத்திவிடுமாறு சிலர் வெஸ்லிக்கு ஆலோசனை சொன்னார்கள். அவரோ அதை ஆதித் திருச்சபையின் இராவிழிப்போடு ஒப்பிட்டு, முறையான விழிப்பு ஆராதனையாக்கினார். போகவர வெளிச்சம் வேண்டும் என்பதற்காகப் பௌர்ணமியை ஒட்டிய வெள்ளிக்கிழமை அதற்குக் குறிக்கப்பட்டது. பழைய பழக்கம் விட்டுச்சென்ற காலியிடத்தைப் புதிய பழக்கம் நிரப்பாவிட்டால் பழையது திரும்பிவிடும் என்ற அனுபவ அறிவு இதில் இருக்கிறது. 1755இல் தொடங்கிய உடன்படிக்கை ஆராதனை பிறகு புத்தாண்டோடு சேர்ந்தது. தேவன் எந்த வேலையைத் தந்தாலும், வேலையே தராமல் ஒதுக்கி வைத்தாலும், அவருக்கே உரியவராய் இருக்க விசுவாசி அதில் ஆண்டுதோறும் ஒப்புக்கொடுக்கிறார்.

தளர்ச்சியும் அதன் காரணங்களும்

வெஸ்லி இறந்தபோது பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சேர்த்து மெதடிஸ்டு அங்கத்தினர்கள் சுமார் 72,000 பேர். வளர்ச்சியோடு ஆபத்தும் வளர்ந்ததை அவரே கண்டார். மெய்யான பக்தி உழைப்பையும் சிக்கனத்தையும் உண்டாக்குகிறது. அவை செல்வத்தை உண்டாக்குகின்றன. செல்வம் பெருகப் பெருமையும் உலக ஆசையும் பெருகி, பக்தியின் உயிர் குறைகிறது. இந்தச் சுழலிலிருந்து மீள, ஈட்டிச் சேமிப்பவர்கள் அதே அளவுக்குக் கொடுக்கவும் வேண்டும் என்பதைத் தவிர வேறு வழி அவருக்குத் தெரியவில்லை. முதுமையில் அவர் எழுதியவற்றில் இந்தக் கவலை திரும்பத் திரும்ப வருகிறது.

இரண்டாவது காரணம் வடிவம் மட்டும் எஞ்சியது. 19ஆம் நூற்றாண்டில் பல இடங்களில் வகுப்புக் கூட்டம் சந்தா வசூலிக்கும் கூட்டமானது. அனுபவம் சொல்வது மனப்பாடப் பேச்சானது. மூன்றாவது காரணம் கண்டிப்பு கடுமையாக மாறியது. பிறர் குறையைத் தேடும் கண் வந்த இடத்தில் மனம்விட்டுப் பேசும் நாவு அடங்கிவிட்டது. ஆனாலும் வகுப்புகளில் பழகிய தலைமையும் தோழமையும் வீண்போகவில்லை. 1834இல் கூலிக் குறைப்பை எதிர்த்துத் தொழிற்சங்கம் அமைத்ததால் நாடுகடத்தப்பட்ட டோல்பட்டில் கிராமத்து விவசாயத் தொழிலாளர்கள் ஆறு பேரில் பெரும்பாலோர் மெதடிஸ்டுகள். அவர்களின் தலைவர் ஜார்ஜ் லவ்லெஸ் ஒரு மெதடிஸ்டு உபதேசியார்.

தமிழ்ச் சபைகளில்

1814இல் வெஸ்லியன் மிஷனெரிகள் இலங்கையில் வந்திறங்கி, அதே ஆண்டில் யாழ்ப்பாணத்தில் பணி தொடங்கினார்கள். 1817இல் ஜேம்ஸ் லிஞ்ச் அங்கிருந்து சென்னைக்கு வந்தார். 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது தென்னிந்திய மெதடிஸ்டு சபை அதில் இணைந்தது. டிசம்பர் 31 இரவு தமிழ்ச் சபைகளில் நடக்கும் விழிப்பு ஆராதனையும், புத்தாண்டு உடன்படிக்கை ஆராதனையும் இந்த மரபோடு தொடர்புடையவை.

அன்றாட வாழ்வில் எழுப்புதலின் மெய்ம்மையைத் தமிழ்ச் சபைகளில் சோதித்த உரைகல் சாதி. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல், சபைக்குள் சாதி வேறுபாடுகளை உடனே, முழுவதுமாக விட்டுவிட வேண்டும் என்று கட்டளையிட்டார். ஆலயத்தில் சேர்ந்து உட்காருவதும், திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பங்குபெறுவதும் அதில் அடங்கும். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் அதை ஏற்க மறுத்துச் சபையிலிருந்து விலகினார்கள். நெடுங்காலமாக வேதம் வாசித்தவர்களும் கீர்த்தனை பாடியவர்களும் அவர்களில் இருந்தார்கள். ஜெபத்தில் வந்த புதுமை பந்தியிலும் பெண் எடுப்பதிலும் வராவிட்டால் அது பாதியிலேயே நின்றுவிட்டது என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. அந்தச் சோதனை இன்றும் முடிந்துவிடவில்லை.

நம்பிக்கை தரும் சான்றுகளும் உண்டு. சோறு பொங்கும்போது ஒரு பிடி அரிசியை ஊழியத்துக்கென்று எடுத்து வைக்கும் வழக்கம், ஏழைக் குடும்பங்களின் அடுப்படியையே காணிக்கை செலுத்தும் இடமாக்கியது. 1903இல் திருநெல்வேலியில் தொடங்கிய இந்திய மிஷனெரி சங்கம், இந்தியரின் பணத்தில் இந்தியரையே ஊழியத்துக்கு அனுப்ப உறுதிகொண்டது. அதைத் தொடங்கியவர்களில் முதன்மையான வே. ச. அசரியா 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராகி, தோர்ணக்கல்லில் ஏழைச் சபைகளையும் கொடுக்கப் பழக்கினார்.

இந்த வரலாற்றிலிருந்து, எழுப்புதல் அன்றாட வாழ்வில் நிலைப்பதற்கான நிபந்தனைகளைத் தொகுத்துக் கூறலாம். கிருபையே தொடக்கம், ஒழுங்கு மட்டும் சமாதானம் தராது என்பதை ஆக்ஸ்போர்டில் வெஸ்லி கழித்த ஆண்டுகள் காட்டின. விழித்தெழுந்தவர் தனியே விடப்படக் கூடாது. பெயர் சொல்லி விசாரிக்கச் சிலராவது வேண்டும். விசாரணை பொதுவான பக்திப் பேச்சில் நின்றுவிடாமல் பணம், நாவு, குடி, குடும்பம், வாக்குச்சீட்டு, சாதி வரை செல்ல வேண்டும். விட்ட பழக்கத்தின் இடத்தில் புதிய பழக்கம் அமைய வேண்டும். ஈட்டுவது கூடக்கூடக் கொடுப்பதும் கூட வேண்டும். இவற்றைத் தாங்கும் அமைப்பு அவ்வப்போது சோதிக்கப்பட்டு, அன்பு குறைந்த இடத்தில் சீர்ப்படுத்தப்பட வேண்டும். இன்றைய தமிழ்ச் சபைகளில் வீட்டு ஜெபக்குழுக்களும் பெண்கள் ஐக்கியமும் வாலிபர் ஐக்கியமும் ஏற்கெனவே உள்ளன. பாட்டும் ஜெபமும் முடிந்தபின் ஒருவரையொருவர் அந்த வாரத்தைப் பற்றி உண்மையாக விசாரிக்கவும், விசாரித்ததற்கேற்ப உதவவும் அவை முன்வந்தால், வகுப்புக் கூட்டம் செய்த பணியை அவையும் செய்ய முடியும்.